எட்டு வாட் வால்வு ஆம்ப் என் ஸ்பீக்கருக்குப் போதுமா?

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறோம். சென்ற தீபாவளிக்கு மகள் ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர் வாங்கித் தந்தாள். பின்தட்டில் 86 டெசிபல், 6 ஓம், குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கிறது. பழைய ஜப்பான் டிரான்சிஸ்டர் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டிக் கேட்கிறேன். நாதஸ்வரம், எழுபது எண்பதுகளின் சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சத்தமாக உறுமி மேளம். நண்பர் ஒருவர் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு போட்ட வால்வு ஆம்புக்கு மாறச் சொல்கிறார். இணையத்தில் 300பி வால்வு போட்ட 8 வாட் சீன ஆம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஐயாயிரம் வெள்ளிக்குள் முடியும். 8 வாட் போதுமா என்று கேட்டால், ‘ஒரு வால்வு வாட் நாலு டிரான்சிஸ்டர் வாட்டுக்குச் சமம்’ என்கிறார் அவர். வாங்கலாமா? வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ஐயா, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். இந்த ஸ்பீக்கருக்கு அந்த ஆம்பை வாங்காதீர்கள். 300பி மட்டமான வால்வு என்பதால் சொல்லவில்லை. பட்டறையில் ஒன்றைத் திறந்து வைத்தால் நானே வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அது வேறு வகை ஸ்பீக்கருக்காகப் பிறந்த வால்வு.

அது என்ன வகை என்று உங்களுக்கு விளக்கவே வேண்டாம், தோட்டத்தில் வாழ்ந்தவர் நீங்கள். நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு டவுனிலிருந்து ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு வால்வு ஆம்ப், தோளில் குழாய் ஸ்பீக்கர். அந்த ஆம்பை இன்றைக்குக் கடையில் வைத்தால் வாட்டைப் பார்த்துவிட்டு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பால்மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு அவர் பாட்டைப் போட்டால், கடைசி லயத்து வீட்டுக்கும் அப்பால் விடியற்காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்களுக்கு வரி வரியாகக் கேட்கும். சத்தம் எங்கிருந்து வந்தது? ஆம்பிலிருந்து இல்லை, குழாயிலிருந்து. அந்த மாதிரிக் குழாய்க்கு ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 105 டெசிபலைத் தொடும்.

300பி அந்தக் குடும்பம். 1930களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் திரையரங்குகளுக்காகச் செய்த ஆம்ப்களில் இந்த வரிசை வால்வுகள் இருந்தன. ஒற்றை வால்வு, ஏழெட்டு வாட். திரைக்குப் பின்னால் ஆள் உயரக் கூம்பு ஸ்பீக்கர் நின்றதால் சிறிய அரங்குக்கு அதுவே போதும். இன்றைக்கு அந்தக் கூம்பை விட்டுவிட்டு வால்வை மட்டும் எடுத்துவந்து, புத்தக அலமாரியில் நிற்கிற ஸ்பீக்கரோடு சேர்த்து வைக்கிறோம். அங்கேதான் கோளாறு.

இனி உங்கள் பின்தட்டுக்கு வருவோம். ஸ்பீக்கரின் பிராண்ட் எனக்கு அவ்வளவு தேவையில்லை. அந்த மூன்று எண்கள் போதும். 86 டெசிபல் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு, அதில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது, பொய் என்று சொல்ல முடியாது. இப்போதெல்லாம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து அளப்பதில்லை, 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கராக இருந்தால் 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். உங்களுடையது 6 ஓம், அதே வோல்ட்டில் அது 1.33 வாட்டை இழுக்கும். அதனால் உண்மையாக ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 85 டெசிபல்தான். கோயில் குழாயோடு ஒப்பிட்டால் 20 டெசிபல் குறைவு. 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும், 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. அந்தக் குழாய் ஒரு வாட்டில் போடுகிற சத்தத்தைப் போட உங்கள் ஸ்பீக்கருக்கு 100 வாட் வேண்டும் என்று அர்த்தம்.

சரி, ஹாலில் அவ்வளவு சத்தம் யாருக்கு வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாமான் வீட்டு ஹாலில் ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளி உட்காருவீர்கள். அந்தத் தூரத்தில் ஆறேழு டெசிபல் போய்விடும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் மூன்று திரும்பி வரும். ஆக ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் 81, 82. எட்டு வாட்டுக்கு இன்னும் 9 கூட்டுங்கள். சுமார் 90. அதுதான் உச்சவரம்பு, அதற்கு மேல் ஆம்பில் சரக்கு இல்லை. 90 டெசிபல் நல்ல சத்தம்தானே என்று தோன்றும். ஆனால் பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. தவில் அடி ஒன்று சராசரியைவிட 12, 15 டெசிபல் மேலே துள்ளும். அந்தத் துள்ளலுக்கு இடம் விட்டால் சராசரி 76க்கு வந்துவிடுகிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, வெளியே மோட்டார்சைக்கிள் போகிறது, பேரன் ஓடுகிறான். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை உறுமி மேளத்துக்கு நீங்கள் வால்யூமைத் திருகினால் மேளம் பெரிதாகாது, கசங்கும்.

உங்கள் நண்பர் சொல்கிற ‘நாலு மடங்கு’ கதை இந்தக் கசங்கலில் இருந்து பிறந்ததுதான். டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லையைத் தொட்டால் அலையின் தலையைக் கத்தியால் சீவின மாதிரி வெட்டும், காதில் உடனே குத்தும். வால்வு ஆம்ப், அதிலும் ஃபீட்பேக் (வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே ஊட்டிப் பிழை திருத்துவது) குறைவாக உள்ளது, தலையை மெல்ல அமுக்கும். அதனால் எல்லையைத் தாண்டியும் கொஞ்ச தூரம் கேட்க முடிகிறது. அதை வைத்து வாட் நாலு மடங்காகிவிட்டது என்று சொன்னால் என்ன செய்வது? வாட் வாட்தான். நண்பரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைப் பாதிக் கடைக்காரர்களும் சொல்கிறார்கள்.

வாட்டைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் தட்டில் இருக்கிற மூன்றாவது எண், அந்த 4 ஓம். ஸ்பீக்கரின் ஓம் ஒரே அளவில் நிற்பதில்லை, ஒலிக்கு ஒலி மாறும். சராசரி 6 என்று போட்டிருப்பார்கள், ஓரிடத்தில் 4க்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20ஐத் தொடும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைக் கண்டுகொள்ளாது. ஒற்றை வால்வு 300பி ஆம்ப் கண்டுகொள்ளும், ஏனென்றால் அதற்குள்ளேயே 2 ஓம் அளவுக்கு ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் ஒலி மூன்றரை டெசிபல் குறையும், 20 ஓம் உள்ள இடத்தில் ஒரு டெசிபல்கூடக் குறையாது. இரண்டுக்கும் நடுவே இரண்டரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம். நீங்கள் கேட்காமலே யாரோ டோன் திருகைத் திருப்பிவிட்ட மாதிரி. சில ஸ்பீக்கரில் அது இனிமையாகக்கூட அமையும், அதைத்தான் சிலர் ‘வால்வு இனிப்பு’ என்கிறார்கள். ஆனால் உங்கள் விருப்பம் தவில். வலந்தலை அடி சுள்ளென்று விழுந்து உடனே நிற்க வேண்டும், தவிலின் மறுபக்கமான தொப்பியின் கும்காரம் அதன் அளவில் எழுந்து அடங்க வேண்டும். அடித்தொனி தரும் ஊஃபரை ஆம்ப் இறுக்கிப் பிடிக்காவிட்டால் தொப்பி ஒலி வீங்கி அடுத்த அடியின் மேல் வழியும். தனி ஆவர்த்தனம் குளத்துக்குள் நடக்கிற மாதிரி இருக்கும்.

அப்படியானால் வால்வே வேண்டாமா? யார் சொன்னது. புஷ்-புல் ஆம்ப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு வால்வு, இரண்டும் மாற்றி மாற்றித் தள்ளி இழுக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு இஎல்34 போட்டால் 35 வாட் தாராளமாக வரும். 8 வாட்டைவிட அது ஆறரை டெசிபல் அதிகம். காகிதத்தில் சின்ன எண், தவில் துள்ளுவதற்குத் தேவைப்பட்ட இடம் அதுவேதான். உள்தடையும் குறைவு, தொப்பியைப் பிடித்துக்கொள்ளும். கேடி88 போட்டது இன்னும் கொஞ்சம் வலு, அடித்தொனி இன்னும் இறுக்கம். ஆனால் எனக்கு நாதஸ்வரத்துக்கு இஎல்34தான் பிடிக்கும். சீவாளியின் அந்தச் சுரசுரப்பை அது மழுக்காமல் தருகிறது. இது என் காது, சண்டைக்கு வர மாட்டேன். இஎல்84 போட்ட 12 முதல் 15 வாட் ஆம்ப்களும் அழகாகப் பாடும், ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போதாது. இஎல்34க்கு இன்னொரு வசதி, சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியா மூன்று நாட்டிலும் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பவர் வால்வு ஆயுள் உள்ள பொருள், இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டிவரும். அன்றைக்கு வால்வு தேடி அலையாமல் இருக்க வேண்டும்.

300பி மேல்தான் மனசு என்றால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் 1957 முதல் வருகிற கிளிப்ஷ் ஹெரெசி மாதிரி 99 டெசிபல் கூம்பு ஸ்பீக்கர் இருந்தால் 8 வாட் வீட்டைத் தூக்கும். ஆனால் மகள் தீபாவளிக்கு வாங்கித் தந்ததை மாற்றச் சொல்லி அந்தப் பாவத்தை நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். இரவு பத்துக்கு மேல், ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்பது மட்டும்தான் பழக்கம் என்று எழுதியிருந்தீர்களானால் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

ஆம்ப் வாங்கப் போகும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்க வேண்டும். உங்கள் 6 ஓம் ஸ்பீக்கரை முதலில் 4இல் மாட்டுங்கள். கொஞ்சம் வாட் குறையும், பிடிப்பு கூடும். ஒரு வாரம் கேட்டுவிட்டு 8இல் மாட்டிப் பாருங்கள், எது காதுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. மாற்றும்போது மட்டும் ஆம்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பில் பாட்டுப் போடவே கூடாது. போக இடமில்லாத மின்சாரம், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே உயர் அழுத்தமாக எகிறிப் பொறி தட்டிவிடும்.

அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் ஆம்பின் உயிர். விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும், ஆனால் படத்தில் பளபளப்பது வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் கறுப்பு மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதனால் ஒரு பட்டிக்காட்டு வழி சொல்கிறேன், தூக்கிப் பாருங்கள். 35 வாட் ஸ்டீரியோ புஷ்-புல் ஆம்ப் என்றால் பதினைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒரு கையால் தூக்க முடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மலிவான ஒற்றை வால்வு ஆம்ப்களில் கை வைப்பதும் இங்கேதான். அந்த வகைக்கு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பெரிய இரும்பு வேண்டும், இல்லாவிட்டால் அடித்தொனி வராது.

‘ஆட்டோ பயாஸ்’, அதாவது வால்வில் சும்மா ஓடும் மின்சார அளவை ஆம்பே சரிசெய்துகொள்ளும் வசதி, உள்ளதா என்று கேளுங்கள். இருந்தால் வால்வு மாற்றும்போது நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மீட்டர் வைத்துத் திருகி அளவு சரிசெய்ய வேண்டும். கிராணி வேலை பார்த்தவருக்கு அது பெரிய வித்தை இல்லை, ஆனாலும் முதல் ஆம்ப்.

இப்போது இணையத்தில் வாங்குவது பற்றி. சென்ற வருடம் ஒருவர் இப்படி வாங்கிய ஆம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டே மாதத்தில் வால்வு இரண்டு போய்விட்டது, டிரான்ஸ்ஃபார்மர் மூடியில் கை வைக்க முடியவில்லை. திருப்பிப் பார்த்தேன், பின்தட்டில் 220 வோல்ட். சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது. நம் மலேசியாவில் எழுத்தளவில் 230 வோல்ட், அதற்கு மேல் பத்து சதவீதம் வரை ஏறலாம் என்பது விதி. என் பட்டறைச் சுவரில் மீட்டர் வைத்தால் 240ஐ ஒட்டித்தான் காட்டும். 220க்குச் செய்த ஆம்பில் 240 ஏறினால் எல்லாமே ஒன்பது சதவீதம் கூடும். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அந்த ஆம்பில் 6.9 இருந்தது. வாங்குவதற்கு முன் 230 அல்லது 240 வோல்ட் வகை தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப் 100 வோல்ட், அதற்குத் தனியாக ஒரு இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மறந்து நேரடியாகச் செருகினால் அன்றோடு சரி.

என்னைக் கேட்டால் ஈப்போவுக்கே வந்து கேட்டு வாங்குங்கள், அரை மணி நேரப் பயணம். இங்கே பிடிக்காவிட்டால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஹை-ஃபை கடைகள் இருக்கின்றன, வார இறுதிச் சந்தையும் உண்டு. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் வால்வு ரேடியோ கண்ணில் பட்டால் ஆசைப்பட்டு வாங்குங்கள், ஆனால் ஆம்பை அங்கே தேடாதீர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் உங்கள் ஸ்பீக்கரைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். கடைக்காரர் தன் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக்காட்டினால் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் பாட்டே போடாமல் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஊஃபரில் காதை வையுங்கள். வண்டு மாதிரி லேசான ரீங்காரம் இருந்தால் பரவாயில்லை, ஓரடி தள்ளியும் கேட்டால் வேண்டாம். அப்புறம் நாதஸ்வரம், அப்புறம் உறுமி, வீட்டில் வைக்கிற அதே சத்தத்தில். உறுமியின் வளைந்த குச்சி தோலில் தேய்கிற அந்த முனகல் முனகலாகவே வருகிறதா, வெறும் இரைச்சலாகிறதா என்று பாருங்கள். உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு வால்வைப் பாருங்கள், பார்க்கவும் அழகு. உள்ளே இழை ஆரஞ்சாக எரிவது சரி. கண்ணாடியின் உட்பக்கம் நீலமாக மினுங்குவதும் பெரும்பாலும் சரிதான். ஆனால் நடுவில் உள்ள சாம்பல் நிறத் தகடு மங்கலாகச் சிவந்து காய்ந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே அணையுங்கள். அந்த வால்வு வெந்துகொண்டிருக்கிறது, விட்டால் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும்.

நான்கு இஎல்34 என்றால் சும்மா இருக்கும்போதே 150 வாட்டுக்கு மேல் சூடு வெளியே வரும். தொலைக்காட்சி அலமாரிக்குள் அடைக்காதீர்கள், மேலே ஓரடி திறந்த இடம் வேண்டும். கேட்காத நேரத்தில் அணைத்துவிடுங்கள். மாலை இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும், நம் பக்கத்து மின்னல் உங்களுக்குத் தெரியாததா. பழைய டிரான்சிஸ்டர் ஆம்பைக் கொடுத்துவிடாதீர்கள். செய்திக்கும் பேரனின் கார்ட்டூனுக்கும் வால்வைத் தேய்ப்பானேன்?

பேரன் விஷயம். வால்வுக் கண்ணாடி கையைப் பொசுக்கும், உள்ளே 400 வோல்ட் ஓடும், அணைத்த பின்னும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதனால் வால்வுக்கு மேல் மாட்டுகிற கம்பிக் கூண்டு கட்டாயம் வேண்டும். படம் எடுக்க அழகாக இல்லை என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஆம்பின் அடிப்பக்கக் காற்றுத் துளைகளையும் பாருங்கள், அகலமாக இருந்தால் மெல்லிய கொசுவலைக் கம்பி ஒட்டச் சொல்லுங்கள். சூட்டுக்குப் பல்லி வந்து படுக்கும். நான் திறந்த ஆம்ப்களில் இரண்டில் அது கருகிக் கிடந்தது, வால் ஒரு முனையில் தலை ஒரு முனையில், நடுவில் உருகிப்போன ஃபியூஸ். கூண்டைத் தனி விலைக்கு விற்கிற கடைகள் உண்டு. ஆம்போடு சேர்த்தே விலை பேசுங்கள்.